சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட மறுபாதி

எனக்கு உரக்கப் பேச வராது. பாலக்கரையில் வரிசை வீட்டில் குடியிருந்தபோது, என் வீட்டுக்காரர் அடித்தால்கூடச் சத்தமில்லாமல்தான் அழுவேன்.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். ஒரு நாள் சாயங்காலம் மாதா கோயில் மணி அடித்ததும் ஜெபமாலையோடு முழங்காலில் நின்றேன். அவர் சாராய வாடையோடு உள்ளே வந்தார்.

"பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட உன் பாவத்தைச் சொல்றப்ப, என்னைப் பத்தி என்னடி சொன்ன? சாமியார் என்னை ஒரு மாதிரி பாக்குறாரு."

"உங்க பேச்சே எடுக்கலைங்க."

அவர் நம்பவில்லை. ஜெபமாலையைப் பிடுங்கி அறுத்தார். அறைந்ததில் என் உதடு கிழிந்தது. முடியைப் பிடித்து என் தலையைச் சுவரில் மோதினார். பிறகு அடுப்பிலிருந்து விறகை உருவி, வயிற்றைப் பார்த்து ஓங்கினார். பிள்ளை போய்விடும் என்று தெரிந்தது. கூச்சல் போட வாயைத் திறந்தேன். மாதா ஜெபத்தின் முதல் பாதிதான் வந்தது. தொண்டை கிழிய வந்தது.

ஒருவர் முதல் பாதியைச் சொன்னால் மற்றவர்கள் மறுபாதியைச் சொல்வது எங்கள் வழக்கம். அந்த நேரத்தில் எல்லா வீட்டிலும் ஜெபம் நடக்கும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டு அக்கா மறுபாதியைச் சொன்னார். நான் மறுபடியும் கத்தினேன். இந்தத் தடவை பல குரல்களில் பதில் வந்தது. சொல்லிக்கொண்டே, போட்ட முக்காட்டோடு பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

"ஏம்ப்பா, ஜெபம் இன்னும் முடியலை. கட்டையைப் போட்டுட்டு நீயும் முட்டி போடு" என்றார் அக்கா.

அவர் கட்டையைப் போட்டுவிட்டு வெளியே போனார். நான் ரத்தத்தைத் துப்பிவிட்டு அடுத்ததைத் தொடங்கினேன். பிள்ளை உதைத்தது.

அதற்குப் பிறகும் அவர் கை ஓங்கியதுண்டு. ஓங்கினால் முதல் பாதியைச் சொல்லிவிடுவேன். பதில் வராத நாள் கிடையாது.