வரப்பில்லாத தரை

ஆரோக்கியசெல்வி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆசிரியர் பயிற்சியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்தே அப்படித்தான். இப்போது மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஒரு தொடக்கப்பள்ளியில் இருவரும் வேலை பார்க்கிறோம். நான் ஒன்றாம் வகுப்பில் 'அ' எழுத வைத்துக்கொண்டிருந்தால், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவளுடைய வாய்ப்பாடு வந்து என் பொடிசுகளுக்கும் மனப்பாடமாகிவிடும். பக்கத்து ஊரான பிரம்மதேசத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே பாடம் தொடங்கிவிடும்.

அவளுடைய பெரிய கவலை நாலாம் வகுப்புத் தரைதான். உப்புக்காற்றில் சிமெண்ட் பெயர்ந்து குழி குழியாகக் கிடந்தது. மழைக்காலத்தில் கீழிருந்து ஈரம் கசியும். பிள்ளைகள் சாக்கு விரித்து உட்கார்ந்தும், சாயங்காலம் ஈரத் துணியோடுதான் வீட்டுக்குப் போவார்கள். இந்தப் பள்ளியில் படித்த பிரிட்டோ இப்போது டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். அவனை விடாமல் நச்சரித்து ஒருவழியாக டைல்ஸ் தரச் சம்மதிக்க வைத்தாள்.

"குடோன்ல ரெண்டடிக்கு ரெண்டடி டைல்ஸ் மீதி இருக்குது டீச்சர். எத்தனை வேணும்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. மிச்சத்த அன்னிக்கே திண்டிவனம் பார்ட்டி எடுத்துட்டுப் போறாங்க. அப்புறம் கேட்டா கெடைக்காது" என்றான்.

"டேப் வச்சு அளந்து சொல்லிடுடி" என்றேன் நான்.

"டேப் வச்சு நீயும் நானும் அளந்துடலாம் சுலோ. பரப்பளவு எப்பதான் என் பசங்களுக்குப் புரியறது?"

தரை போட வந்த மேஸ்திரி தங்கராசு தலையில் கைவைத்துக்கொண்டார். "பசங்க கணக்குல வேலை செஞ்சா நான் பொறுப்பில்லீங்க" என்றார். அவள் காதிலேயே வாங்கவில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கணக்கு தப்பினால் இன்னொரு மழைக்காலமும் அந்தக் குழந்தைகள் ஈரத்தில் உட்கார வேண்டுமே!

வியாழக்கிழமை டைல்ஸ் அளவுக்கு அட்டை வெட்டிக் கொடுத்தாள். அதை வைத்துப் பிள்ளைகள் சாக்பீஸால் கோடு போட்டு, தரை முழுக்கச் சதுரம் வரைந்தார்கள். ஒவ்வொன்றாக எண்ணியதில் ஆளுக்கொரு விடை வந்து, அடிதடி ஆகாத குறை.

"ஏம்பா, ஒண்ணொண்ணா எண்ணுனா விடிஞ்சுடும். எல்லாம் ஒரே அளவு சதுரம்தானே? ஒரு வரிசைல எத்தனை?"

"பத்து டீச்சர்!"

"அதுமாதிரி எத்தனை வரிசை?"

"எட்டு!"

"அப்போ?"

"எண்பது!" என்று கூரை பறக்கக் கத்தினார்கள். எண்பது என்று பிரிட்டோவுக்கு உடனே போன் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை நான் ஹாஜர் எடுத்துக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையில் சத்தமே இல்லை. அது நடக்கிற காரியமா? பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். ஜான்சி என்ற பெண் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தரையில் ஒயிலாக நடந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு சதுரத்துக்கும் இடையில் உள்ளங்கை அகலத்துக்கு இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் மட்டுமே காலை வைத்தாள். ஆரோக்கியசெல்வி வாயைப் பிளந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நடுவுல எதுக்கு இவ்ளோ கேப்பு?"

"வரப்பு டீச்சர். பாத்திக்குள்ள கால வச்சா உப்பு அழுக்காயிடும். அம்மா திட்டும்."

மற்ற பிள்ளைகளும், இதுகூடவா தெரியாது என்பதுபோல டீச்சரைப் பார்த்தார்கள். அத்தனை பேரும் வரப்பு விட்டுத்தான் வரைந்திருந்தார்கள். நேற்றைய கூச்சலில் அவள் அதைக் கவனிக்கவில்லை. அப்பா அம்மா உப்பு வாரும் பாத்திகளைத் தவிர அவர்கள் வேறெங்கே இத்தனை சதுரத்தைப் பார்த்தார்கள்?

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இன்று வெள்ளிக்கிழமை என்ற நினைப்பும். ஆரோக்கியசெல்வி போனை எடுத்தாள்.

"எண்பது ஏத்திட்டேன் டீச்சர். திண்டிவனம் வண்டி வாசல்ல நிக்குது. சீக்கிரம் சொன்னீங்கன்னா பாக்கறேன்" என்றான் பிரிட்டோ.

"டேய் பசங்களா, அழிங்க எல்லாத்தையும்! வரப்பு இல்லாம, ஒட்டி ஒட்டி வரையணும்!"

"தரை முழுக்கவா? அதுக்கு மத்தியானம் ஆயிடுமே!" என்று நான் கத்தினேன்.

ஜான்சி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "முழுசா எதுக்கு டீச்சர்? இந்தச் செவுத்தோரம் ஒரு வரிசை, அந்தச் செவுத்தோரம் ஒரு வரிசை போதுமே. மத்த வரிசையும் இதே மாதிரிதான இருக்கும்?" என்றாள்.

ஆரோக்கியசெல்வி சாக்பீஸை எடுத்து ஜான்சியின் கையிலேயே கொடுத்தாள். நீளவாட்டில் பன்னிரண்டு வந்தது, அகலவாட்டில் பத்து.

"நூத்தி இருபது!"

நான் என் பையிலிருந்து டேப்பை எடுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, அந்த எண்ணையே பிரிட்டோவிடம் சொன்னாள். உடைசலுக்கு நாலு சேர்த்து அவன் அனுப்பிவைத்தான்.

சனி, ஞாயிறு வேலை நடந்தது. பிள்ளைகள் ஒருவரும் வீட்டில் இல்லை, எல்லா முகமும் ஜன்னல் கம்பியில்தான். தங்கராசு கடைசி டைல்ஸை வாசலோரம் வைத்துத் தட்டினார். அது அப்படியே பொருந்தியது. நூற்றிருபதாவது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். எழுந்த கூச்சலில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக இடம் பிரித்தார்கள். முப்பது பேர், ஆளுக்கு நாலு டைல்ஸ். உட்கார்ந்து, உருண்டு, கன்னத்தை வைத்துப் பார்த்த பிறகுதான் ஜான்சிக்கு உறைத்தது. "ஐயோ, டீச்சருக்கு இல்லியே!"

அவள் காலை மடக்கிக்கொண்டு, "என்னுதுல ஒண்ணு எடுத்துக்கங்க டீச்சர்" என்றாள்.

"ஒண்ணு எப்படிடீ டீச்சருக்குப் பத்தும்?" என்றான் ஒருவன். ஆரோக்கியசெல்வியின் உடம்புக்கு அது நியாயமான கேள்வி.

"அப்ப ஆளுக்கு ஒண்ணு குடுத்துடலாம். டீச்சருக்கு முப்பது!"

எல்லோரும் ஒரே சமயத்தில் நகர்ந்து இடம் விட்டார்கள். ஆரோக்கியசெல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜான்சியின் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு இது போதும்" என்றாள். அதை மட்டும் மெதுவாகத்தான் சொன்னாள்.