நீங்க உக்காருங்கோ

மயிலாப்பூரில் தெற்கு மாடவீதியை ஒட்டிய சந்தில் ஒரு வக்கீல் வீட்டில் இரண்டாம் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துப் படியேறியவன் நான் ஒருவன்தான். என் தகப்பனார், நாங்கள் நைனா என்போம், ஜட்கா ஓட்டுகிறவர். மந்தைவெளியில் குடியிருக்கிறோம். வக்கீல் ஐயாவுக்கு அவருடைய வண்டிதான் வாடிக்கை. ஒருநாள் வண்டியில் போகும்போது, பிள்ளை பரீட்சை தேறிவிட்டு வீட்டில் சும்மா குந்திக்கொண்டிருக்கிறான் என்று நைனா சொல்லப்போக, மறுநாளே என்னை வரச்சொல்லிவிட்டார்.

அங்கே ஒரு பெரிய குமாஸ்தா இருந்தார். கண்ணில் புரை விழுந்து, காகிதத்தை மூக்கருகில் பிடித்துப் படிப்பார். தை பிறந்ததும் சொந்த ஊருக்கே போய்விடப் போகிறேன் என்றும், அதற்குள் நான் தொழிலைப் பிடித்துக்கொண்டால் அவருடைய இடம் எனக்குத்தான் என்றும் சொல்லியிருந்தார். ஐயாவும் அதற்குத் தலையாட்டியிருந்தார். அந்த இடம் கிடைத்தால் நைனா வண்டியை விட்டுவிடலாம். அவருக்கு இரண்டு முழங்காலும் வீங்கிக் கிடந்தன. வீட்டில் நாங்கள் எல்லோரும் தை மாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐயா வேலை வாங்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். முன்கூடத்துச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். தூங்குகிறார் என்று நினைத்தால் தப்பு. திடீரென்று "டேய்" என்பார். செங்கல்பட்டு வழக்குக் கட்டை எடு என்பார். எடுத்தால், அதில் அந்த நீளக் காகிதத்தைப் படி என்பார். படித்தால், இப்படி எழுதினால் எதிர்க்கட்சி வக்கீல் என்ன கேட்பான், சொல்லடா பார்ப்போம் என்பார். நான் ஏதாவது உளறுவேன். சிரிப்பார். சில நாள் சிரிக்க மாட்டார். அன்றைக்கு நான் சொன்னது சரி என்று அர்த்தம். அந்த வீட்டில் எல்லா வேலையும் அந்த ஒரு "டேய்"யில்தான் தொடங்கியது. சொந்தப் பிள்ளையையும் அவர் அப்படித்தான் கூப்பிட்டார்.

அதே வீட்டில் ஐயாவின் பேத்தி ஒன்று உண்டு. ஐந்து வயதுக் குழந்தை. வாசலில் வண்டி வந்து நின்றதும் ஓடிவந்து, "டேய் வண்டிக்காரா" என்று என் நைனாவைக் கூப்பிடும். நைனா பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். யாரும் அந்தக் குழந்தையை அடக்கவில்லை. கட்டுகளுக்கு நூல் சுற்றிக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எங்கள் பக்கத்தில் சைக்கிள் கடை மாடியில் ஒரு வாலிபர் சங்கம் வைத்திருந்தோம். பத்திரிகை படிப்பது, வாரம் ஒருமுறை கூடிப் பேசுவது. அப்போது பட்டணத்தில் எங்கே பார்த்தாலும் மரியாதையைப் பற்றித்தான் பேச்சு. கடற்கரையில் அதற்கென்று கூட்டங்கள் நடந்தன. சங்கத் தலைவர் ஒரு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவர். அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அங்கத்தினர் யாரும் டா போட்டுக் கூப்பிட்டால் ஏற்றுக்கொள்ளக் கூடாது; யாராயிருந்தாலும் அந்த இடத்திலேயே, நாலு பேர் முன்னிலையில், மரியாதையாக அழைக்கும்படி கேட்க வேண்டும்; தனியாகப் போய்க் கெஞ்சக் கூடாது. எல்லோரும் கை தூக்கினார்கள். அந்தக் குழந்தையின் குரலை நினைத்துக்கொண்டு நானும் தூக்கினேன்.

அடுத்த வாரமே வேளை வந்தது. கூடத்தில் மாம்பலத்துக் கட்சிக்காரர் ஒருவர் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். ஏரியைத் தூர்த்த இடத்தில் புதிதாகப் பங்களா கட்டுகிறவர். ஐயா கண்ணைத் திறக்காமல், "டேய், இவர் கட்டைக் கொண்டா" என்றார்.

நான் எழுந்து நின்றேன்.  மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "ஐயா, என்னை மரியாதையாக அழைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

பெரிய குமாஸ்தாவின் பேனா நின்றது. ஐயா கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் எனக்குப் பதில் தெரியும். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க சொல்றது ரொம்ப சரி. இத்தனை நாளா எனக்கே தோணாமப் போச்சு பாருங்கோ" என்றார். பிறகு, "சிரமமில்லேன்னா அந்தக் கட்டைக் கொஞ்சம் எடுத்துக் குடுக்கறேளா?" என்றார். மாம்பலத்துக்காரர் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். நான் கட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐயா கையை நீட்டி வாங்கிக்கொண்டு, தாங்க்ஸ் என்றார்.

அன்று சாயங்காலம் சங்கத்தில் எனக்கு மாலை போட்டார்கள். தலைவர் என்னைப் பற்றி வெகுநேரம் பேசினார். அந்த வாரத்திலேயே பாண்டி பஜாரில் ஜவுளிக்கடையில் இருந்த நண்பன் ஒருவன் என்னைப் பின்பற்றித் தன் முதலாளியிடம் அதேபோல் கேட்டுவிட்டு, அன்றைக்கே வேலை போய் வீட்டுக்கு வந்துவிட்டான். அவனுக்கும் மாலை போட்டார்கள்.

எனக்கு வேலை போகவில்லை. அதுதான் சங்கடம். மறுநாள் போனேன். "வாங்கோ" என்றார் ஐயா. உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்துச் செங்கல்பட்டுக் கட்டு தேவைப்பட்டது. ஐயா என் பக்கம் பார்த்தார், வாயைத் திறந்தார், பிறகு தாமே எழுந்து போய் எடுத்துக்கொண்டார். நான் பதறி எழுந்தேன். "பரவாயில்லை, நீங்க உக்காருங்கோ" என்றார். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் பெரிய குமாஸ்தாவை எழுப்பி அனுப்பினார். அந்தக் கண்ணோடு அவர் அலமாரியில் தடவித் தடவி எடுப்பதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நகல் எழுதும் வேலை மட்டும் என் மேஜைக்கு வந்தது. அதையும் யாரும் கையில் கொடுக்கவில்லை. காலையில் நான் வருமுன்பே வைத்திருப்பார்கள்.

ஒருநாள் மத்தியானம் பெரிய குமாஸ்தாவிடம் கேட்டேன், ஐயாவுக்கு என்மேல் கோபமா என்று. அவர் மூக்குப்பொடியை உதறிவிட்டுச் சொன்னார்:

"கோவமும் இல்லே, தாபமும் இல்லேடாப்பா. அவர் யாரை நீங்கோம்பார்? ஜட்ஜை, கட்சிக்காராளை, சம்பந்தியை. அவாள்ல யாராவது அலமாரியிலேர்ந்து கட்டை எடுத்துக் குடுத்து நீ பாத்திருக்கியா?"

அவர் என்னை டா போட்டது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு அவரும் என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டார்.

நைனாவுக்கு விஷயம் வண்டிப்பேட்டையில் தெரிந்தது. வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"இன்னாடா, சாமி உன்னிய வாங்கோ போங்கோன்றாராமே. இன்னா பண்ணிட்டு வந்தே?"

மரியாதை கேட்டேன், கொடுக்கிறார் என்றேன். நைனா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"ஒர்த்தன வேணாம்னு வெச்சிட்டாத்தான் அவுரு மரியாத குடுப்பாரு. எத்தினி பேர இட்டுக்கினு போயிருக்கேன், எனக்குத் தெர்யாதா? நீ போயி தப்புன்னு சொல்லிடுடா."

தப்பு என்று எப்படிச் சொல்வது? அது தப்பில்லை. நான் கேட்டது நியாயம் என்பதில் அன்றும் எனக்குச் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

சங்கத்திலும் என்னால் உட்கார முடியவில்லை. ஒருநாள் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மா உள்ளேயிருந்து, டேய், சோறு ஆறுது வாடா என்று கூப்பிட்டுவிட்டாள்.  அடுத்த கூட்டத்தில் அவர், பெயர் சொல்லாமல், தாய்மார் இந்தத் தீர்மானத்தில் சேர்த்தியா இல்லையா என்று ஒரு பிரச்சினையைக் கிளப்பினார். தாயாருக்கு விலக்கு உண்டு என்றார்கள் சிலர். அப்படியானால் அக்காளுக்கு? அக்காள் புருஷனுக்கு? இடையில் ஒருவன் இன்னொருவனை, இன்னா நீ பேசறே என்று கேட்டுவிட, நீ என்றதற்கு அவன் எழுந்து படியிறங்கிப் போய்விட்டான். அதன் பிறகு மாடியில் யாரும் யாரையும் சட்டென்று கூப்பிடுவதில்லை. தொண்டையைக் கனைத்து, முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். முன்பு வாடா மச்சி என்று ஏறிவந்த பயல்கள் பத்திரிகைக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்கள்.

மார்கழி பாதி ஆனபோது எனக்குப் பொறுக்கவில்லை. கட்சிக்காரர் எவரும் இல்லாத வேளை பார்த்து ஐயாவின் நாற்காலியருகே போய் நின்றேன். தனியாகப் போய்க் கேட்கக் கூடாது என்பது சங்கத்துச் சட்டம், தெரிந்துதான் போனேன். பழையபடியே என்னைக் கூப்பிட்டு வேலை சொல்லுங்கள் என்றேன்.

 ஐயா எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார்.

"நீங்க கேட்டது நியாயம்னு நாலு பேருக்கு முன்னாடி ஒத்துண்டேன். ஒத்துண்டப்புறம் எப்படி டேய்ங்கறது? நாக்கு வரலை. சபையிலே நானே எல்லாரும் சமம்னு பேசிட்டு வந்து, ஆத்துலே உங்களை டேய்னு கூப்பிட்டா எனக்கே அசிங்கமா இருக்காதா? அதுக்காக உங்களை ஏவவும் மனசு வரமாட்டேங்கறது. என்ன பண்ணச் சொல்றேள்?"

அவர் பரிகாசம் செய்யவில்லை. முகத்தை உற்றுப் பார்த்தேன். பரிகாசமாக இருந்திருக்கக் கூடாதா என்றுகூட இருந்தது. நீங்கள் என்றே சொல்லுங்கள், ஆனால் வேலையும் சொல்லுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். இரண்டு நாள் முயன்றார். "ஏன் சார், அந்தக் கட்டை..." என்று தொடங்குவார், நான் எழுவதற்குள், "வேண்டாம், வேண்டாம்" என்று தாமே எழுந்துவிடுவார். மூன்றாம் நாள் விட்டுவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் பெரிய குமாஸ்தா தம்முடைய மருமானைக் கூட்டிவந்து அறிமுகம் செய்தார். என் வயதுதான் இருக்கும். நன்றாகச் சிரிப்பான். வந்த அன்றைக்கே ஐயா அவனை டேய் என்றார். அவன் ஓடினான். கட்டை எடுத்தான், படித்தான், எதிர்க்கட்சி வக்கீல் என்ன கேட்பான் என்பதற்கு ஏதோ உளறினான். ஐயா வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு விடை தெரியும். நான் நகல் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவன் பின்கட்டுக்குப் போயிருந்த நேரம், கூடத்திலிருந்து "டேய்" என்ற குரல் வந்தது. நான் யோசிக்கவே இல்லை. எழுந்து, பேனாவும் கையுமாக அவர் முன்னால் போய் நின்றுவிட்டேன். ஐயா திடுக்கிட்டுப் போனார்.

"ஐயையோ, உங்களை இல்லை. நீங்க உக்காருங்கோ. அவனைன்னா கூப்பிட்டேன்."

தை பிறந்தது. பெரிய குமாஸ்தா ஊருக்குப் போனார். அவருடைய மேஜைக்கு அந்த மருமான் போனான். என் சம்பளத்தில் கை வைக்கவில்லை. குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. வேறு வேலைக்குப் போகலாம் என்றால், எங்கே போனாலும் முதலில் டேய் என்பார்கள். அங்கேயும் நான் நாலு பேர் முன்னிலையில் மரியாதை கேட்க வேண்டும். சங்கம் என்னை உதாரணமாகக் காட்டிக்கொண்டிருந்தது.

  எப்போதும்போல் விடிந்ததும் நைனா குதிரைக்குக் கொள் வைத்துவிட்டு, முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வண்டியைப் பூட்டினார்.

போன வாரம் மாம்பலத்துக்காரர் வீட்டில் ஒரு பத்திரம் எழுத வேண்டியிருந்தது. ஐயா புறப்படும்போது என் மேஜையருகே வந்து நின்றார். சாட்சிக் கையெழுத்துக்குக் கௌரவமான மனுஷராக ஒருவர் வேண்டும், நீங்களும் வாங்கோ என்றார். வாசலில் நைனாவின் வண்டி நின்றது. புதுக் குமாஸ்தா கட்டுகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நைனாவின் பக்கத்தில் தொற்றிக்கொண்டான். ஐயா ஏறி, கையை நீட்டி என்னையும் உள்ளே ஏற்றிக்கொண்டார். அந்த வண்டிக்குள் சவாரிக்காரனாக நான் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. "போடா, பாத்துப் போ" என்றார் ஐயா, நைனாவிடம். "செரி சாமி" என்றார் நைனா.

லஸ் தாண்டியதும் வண்டி பின்பாரம் இழுத்தது. குதிரை தலையைத் தூக்கித் தூக்கி உதறியது. பின்கோடியில் உட்கார்ந்திருந்தது நான்தான். நைனா கடிவாளத்தைப் பிடித்தபடி பாதி திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ஐயாவைப் பார்த்தார். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று நைனாவுக்குத் தெரியவில்லை.

"கொஞ்சம் முன்னால தள்ளிக் குந்துங்க" என்றார் என்னிடம்.

நான் நகர்ந்தேன். ஜட்காவுக்குள் காலை மடக்க இடமில்லை. என் முழங்கால் நைனாவின் முதுகில் இடித்தது. நைனா திரும்பாமல், இன்னும் கொஞ்சம் முன்னால் ஒண்டிக்கொண்டு எனக்கு இடம் விட்டார்.