பூட்டிக்கொண்ட தாடை

ஜெபமாலையம்மாளுக்கும் எனக்கும் வீடு இரண்டு, சுவர் ஒன்று. அவள் வீட்டில் மிளகாய் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். ஆகவே ஊர் அவளைப் பற்றிப் பேசியதையெல்லாம் நம்ப வேண்டிய தலையெழுத்து எனக்கில்லை. நம்பியவர்களை இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆவூர்ப் பக்கம் சின்னக் கிராமம் எங்களுடையது. கடலைக்கொல்லைகளும் நடுவில் ஒரு மாதா கோயிலும்தான் ஊர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் அவள் புருஷன் சந்தனராஜ் தேயிலைத் தோட்ட வேலைக்கு இலங்கையில் கண்டிச் சீமைக்குப் போனார். முதல் வருஷம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. அங்கிருந்து திரும்பிய ஒருவர், காய்ச்சலென்று அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அதற்குமேல் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விட்டார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல நாதியில்லை. ஜெபமாலை அழவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மகள் அமலராணியைக் கூட்டிக்கொண்டு கடலை பறிக்கப் போனாள், வந்தாள், கஞ்சி காய்ச்சினாள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள்.

சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்கல்லவா தெரியும்! தூக்கத்தில் அவள் பல்லை நறநறவென்று கடிப்பாள். திருகையில் கேழ்வரகு அரைப்பது போலக் கேட்கும். விடிந்து எழுந்தால் தாடை இறுகிப் போயிருக்கும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல்லிடுக்கு வழியாகப் பேசுவாள். வெயில் ஏற ஏறத் தளரும், மதியத்துக்குமேல் எல்லோரையும் போலச் சாப்பிடுவாள். பல்லில் புழு என்று ஒருத்தி கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்க வைத்தாள். இன்னொருத்தி கிராம்பு வைத்தாள். எந்த வைத்தியத்துக்கும் கேட்கவில்லை. ஈறில் ரத்தம் கசிந்தது. வறுத்த கடலையை மென்றபோது கடைவாய்ப் பல் ஒன்று பாதியாக உடைந்து கையோடு வந்தது. "என்னக்கா இது?" என்றால், "ஒண்ணுமில்ல புள்ள, வாயுப் பிடிப்பு" என்பாள். மனக்கவலை பல்லை இப்படிப் படுத்தும் என்று, பல வருஷம் கழித்துப் புதுக்கோட்டையில் ஒரு பல் டாக்டர் என்னிடம் சொன்னார். அன்றைக்கு அதைச் சொல்ல யார் இருந்தார்கள்?

ஐம்பத்திரண்டில் அமலராணிக்கு ஆலங்குடிப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. பையன் மைக்கேல்சாமி பள்ளிக்கூட வாத்தியார். அவன் தகப்பனார் ஆரோக்கியமுத்து மாட்டுத் தரகர். சந்தையில் மாட்டின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவார். பாஸ்குத் திருநாள், அதாவது ஈஸ்டர், முடிந்து மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பதுதான் ஓலை. அதன் பிறகு கல்யாணம் என்று பேச்சு.

வருஷத்தில் மற்ற நாள் எப்படியோ, பாஸ்குக்கு எல்லோரும் சாமியார் காதில் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விடிகாலைப் பூசைக்கு வந்து நன்மை வாங்கியாக வேண்டும். சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தைத்தான் அப்படிச் சொல்வோம். ஜெபமாலை என் பக்கத்தில் முழங்காலிட்டாள். சாமியார் வந்து நின்றார். அவள் வாய் திறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க முயன்று பார்த்தாள். கண் இரண்டும் அவரைக் கெஞ்சின. அவர் சற்று நேரம் நின்றுவிட்டு என்னிடம் நகர்ந்தார்.

கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் கதை கட்டிவிட்டார்கள். சங்கீர்த்தனத்தில் பாவத்தை மறைத்தாளாம், அதனால் ஆண்டவர் வாயைக் கட்டிவிட்டாராம்! "சாயங்காலம் கறிச்சோறு திங்க வாயி தெறக்குது, ஆண்டவருக்கு மட்டும் தெறக்கலையாக்கும்?" என்றார்கள் மறுநாள். புருஷன் திரும்பி வராததற்கும் அந்தப் பாவத்தையே காரணமாக்கினார்கள். அடப் பாவிகளா! நான் நேரே சாமியாரிடம் போனேன். "சாமி, அவ நல்லவதான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்ங்க."

"சங்கீர்த்தனத்துல கேட்டது நல்லதோ கெட்டதோ, நான் வாயத் தெறக்கக் கூடாதும்மா" என்றார். அந்த மனிதரும் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றார்.

இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஆரோக்கியமுத்து உறவுக்காரர் இருவரோடு வந்தார். கட்டிலைப் போட்டும் உட்காரவில்லை.

"தங்கச்சி, எம் மகன் வாத்தியாரு. நாலு பேரு மதிக்கணும். நாளைக்கு ஓலைய நிறுத்தச் சொல்லலாம்னு வந்தோம்."

உள்ளே அமலராணி விம்முவது வாசல்வரை கேட்டது. ஜெபமாலை மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாசலில் வெளிச்சம் விழுகிற இடத்துக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, மாட்டுக்குப் பல்லப் பாத்து வயசு சொல்லுவீகளாமே. எனக்குஞ் சொல்லுங்க."

வாயைத் திறந்து, விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்தாள். ஒரு பெண்பிள்ளை, சம்பந்தி முன்னால், சந்தை மாடு மாதிரி! அவர் கூசிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கையை எடுக்கவில்லை. கடைசியில் அவர் குனிந்து பார்த்தார். பார்த்தவர் நிமிர நேரமாயிற்று. பல்லெல்லாம் மேடு பள்ளம் இல்லாமல் தட்டையாகத் தேய்ந்து கிடந்தது.

"ஒனக்கு என்ன வயசு?"

"முப்பத்தஞ்சு."

"அறுவது வயசுப் பல்லு இது. என்னத்த ஆத்தா மென்ன?"

"அழுகையத்தாண்ணே. அவுக இருக்காகளா இல்லையான்னு தெரியல. நான் அழுதுட்டா, செத்துட்டாகன்னு ஊரு முடிவு பண்ணிரும். தாலியக் கழட்டச் சொல்லும். அதான் அழுவல. பகல்ல அடக்கிருவேன், தூங்குறப்ப பல்லு தானா கடிச்சுக்கிருது. விடிஞ்சா வாயி தெறக்க மாட்டேங்குது. மாதா மேல சத்தியம், வேற பாவம் எங்கிட்ட இல்ல."

"நெசந்தாண்ணே. சொவத்துக்கு அங்கிட்டுப் படுத்துருக்க எனக்கே கேக்குது" என்றேன் நான்.

ஆரோக்கியமுத்து கட்டிலில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "குடிக்கத் தண்ணி குடு தங்கச்சி" என்றார். சம்பந்தத்தை முறிக்க வந்தவர் அந்த வீட்டில் கை நனைக்கமாட்டார். செம்பைக் கொண்டுவந்து கொடுத்தது அமலராணிதான். மறுநாள் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் நிறுத்தியபோது ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறிய கூண்டு வண்டி கிளம்பியது. மகளை அனுப்பும்போது தாய் அழுவது எங்கும் உள்ளதுதான், ஜெபமாலையும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். வண்டி கண்மாய்க் கரையில் திரும்பி மறைந்ததும் முந்தானை நழுவியது. தேய்ந்த பல்லெல்லாம் தெரிய வாய் அகலத் திறந்தது. நாலு வருஷத்துக் கண்ணீர், அப்பா! "ஆலங்குடிக்குத்தான போகுது, இதுக்குப் போயி இப்புடியா?" என்று பெண்கள் தேற்ற வந்தார்கள்.

"ஏ சந்தனராசு!" என்று அலறினாள்.

எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை. கல்யாணமான நாள் முதல் அவள் அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. தேற்ற நீட்டிய கைகள் அப்படியே நின்றுவிட்டன.

அந்த வாரமே அவளாகச் சாமியாரிடம் போய், செத்தவர்களுக்கு வைக்கிற ஆத்துமப் பூசையைச் சந்தனராஜுக்கு வைக்கச் சொன்னாள். பல்லைக் கடிக்கிற சத்தம் நாளாக ஆகக் குறைந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு விடிகாலைப் பூசையில், என் பக்கத்தில் முழங்காலிட்டு, வாயைத் திறந்து நன்மை வாங்கினாள். எழுந்து முக்காட்டைச் சரிசெய்தபோதுதான் பார்த்தேன், அவள் கழுத்தில் தாலி இல்லை.