நான் நூர்த்த விளக்கு

என் கணவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்த வருடம்தான் அடுப்பும் படுக்கையும் உள்ளேயே இருக்கும் அந்தப் பழைய மோட்டர்ஹோமை வாங்கினோம். அவர் வாகனம் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் ஓட்டுகிறேன் என்றேன். லாசாலில் எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் சொந்தக்காரர் எல்லோரும் அவரைப் பாவமாகப் பார்த்தார்கள். அடுப்படியை உருட்டிக்கொண்டு போகப் போகிறா என்று ஒருவர் பகிடி விட்டார்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில், காஸில் ஓடும், பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்டைப் பதினெட்டு வருடம் ஓட்டியவள் நான். அதன் சிலிண்டரை நானே மாற்றுவேன். கையுறை போடாமல் அவசரப்பட்ட ஒரு நாளில் திரவ காஸ் பட்டு அதன் குளிரில் பொசுங்கிய தழும்பு இன்னும் வலது பெருவிரலில் இருக்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் தாச்சி எண்ணெய் சுட்டதா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

முதல் பயணம் கஸ்பே கடற்கரைக்கு. கணவரின் அக்காவும் கூட வந்தார், எனக்கு மச்சாள். ராகுகாலத்துக்கு முன் வெளிக்கிட வேண்டும் என்று சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய் வைத்து அவர்தான் அவசரப்படுத்தினார். போகிற வழியில் காஸ் நிரப்ப வேண்டியிருந்தது. அதனால் அடுப்பையும் ஃபிரிட்ஜையும் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டேன். அந்தப் பழைய ஃபிரிட்ஜும் காஸில் ஓடுவது. பின்பக்கத்தில் ஒரு சின்னச் சுவாலை எரிந்துகொண்டே இருக்கும். நிரப்பும்போது வண்டியில் எங்கேயும் நெருப்பு இருக்கக் கூடாது, உள்ளே ஆட்களும் இருக்கக் கூடாது என்று இருவருக்கும் இரண்டு தடவை சொன்னேன். இருவரும் ஓம் என்றார்கள்.

காஸ் நிரப்பும் இடத்தில் எல்லோரும் இறங்கினோம். அங்கே வேலை செய்தவர் என்னைத் தாண்டிப் போய், எல்லாம் நிறுத்தியாயிற்றா என்று என் கணவரிடம் பிரெஞ்சில் கேட்டார். மனுசன் உள்ளே எட்டியும் பார்க்காமல் "உய், உய்" என்று தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழாயைக் கையில் எடுத்தவரை நிற்கச் சொல்லிவிட்டு, கடைசியாக ஒரு தடவை பார்க்க நானே உள்ளே ஏறினேன். நல்லெண்ணெய் மணத்தது.

பாத்திரம் கழுவும் சிங்குக்குள் ஒரு சிட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வண்டி ஆடினாலும் கவிழாதபடி சுற்றிவர ஈரத் துணியால் அணை கொடுத்திருந்தார் மச்சாள். கவனமான ஆள்தான். நிரப்பும்போது வால்வு வழியாகக் கொஞ்சம் காஸ் வெளியே வரத்தான் செய்யும். அது காற்றைவிடப் பாரம். நிலத்தோடு ஊர்ந்து பரவும், ஒரு பொறி கிடைத்தால் போதும். எல்லோருமாகப் போயிருப்போம்.

மச்சாள் பின்னாலேயே ஏறி வந்து என் கையைப் பிடித்தார்.

"நூர்க்காதையும். உம்மட மனுசன்ரை ஆயுளுக்கு நேந்து ஏத்தினது. அங்கை போய்ச் சேருமட்டும் எரியவேணும்."

ஒரு கணம் என் கை நின்றது, அதை மறைக்கமாட்டேன். அறுவைச் சிகிச்சை நடந்த அன்று ஆஸ்பத்திரி நடையில் இருந்து நானும் நேராத கடவுள் இல்லை. யன்னலால் பார்த்தேன். என் கணவர் நெஞ்சில் ஒரு கையை வைத்தபடி, சரியாகக் காஸ் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பயம் போய்க் கோபம் வந்தது. பூவால்தான் அணைக்க வேண்டும் என்பார்கள். நான் பூத் தேடவில்லை. தழும்புள்ள அதே விரலால் திரியை நசுக்கி, சிட்டியைத் தண்ணீருக்குள் அமுக்கினேன்.

"அவனுக்கு ஏதும் நடந்தா நீர்தான் பொறுப்பு" என்றார் மச்சாள்.

"ஓம் மச்சாள், நான்தான் பொறுப்பு. இப்ப இறங்குங்கோ."

அழுதுகொண்டு இறங்கினார். யன்னல்களையும் கதவையும் பூட்டிவிட்டு வந்து நிரப்பச் சொன்னேன். எண்பது வீதம் நிறைந்ததும் வால்வு வெள்ளையாகப் பனிப்புகாரைத் துப்பியது, நிரப்பியவர் நிறுத்தினார். வந்ததுதான் வந்தோம், முட்ட நிரப்பினால் என்ன என்றார் கணவர். வெயிலில் காஸ் பெருகும், அதற்கு இடம் வேண்டும் என்று சொல்லி அவருடைய வாயையும் மூடினேன். பிறகு போத்தலில் கொண்டுவந்த சவர்க்காரத் தண்ணீரைக் குழாய்ப் பொருத்துகளில் விசிறி, காஸ் கசிந்து குமிழ் வருகிறதா என்று முழங்காலில் இருந்து பார்த்தேன். வரவில்லை. நிரப்பியவர் அதற்குப் பிறகு என்னோடுதான் கதைத்தார்.

கஸ்பே போய்ச் சேரும் முன்பே மச்சாள் சொந்தக்காரருக்கெல்லாம் ஃபோனில் சொல்லிவிட்டார். சொந்தத்துக்குள் இன்றைக்கும் நான் புருசனுக்கு ஏற்றிய விளக்கை நூர்த்தவள். சொல்லட்டும். இன்னொரு தடவை ஏற்றினாலும் நூர்ப்பேன். இது நடந்து நாலு வருடம் ஆகிறது. அந்த மனுசன் இன்றைக்கும் பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு, பிரேக்கை மெதுவாகப் போடு என்று எனக்கு வாகனம் ஓட்டப் படிப்பிக்கிறார்.