விரல் பட்ட பந்து

நடுவர் ஏணியில் ஏறும்போதெல்லாம் ஜெசிக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். ஆரணியில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை அவள். கைப்பந்து நடுவர் தேர்வில் தேறியவள். பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டமென்றால் விசில் ஊதியதும் வேர்வை காய்ந்துவிடும். மாணிக்கவேல் நடத்தும் மே மாதப் போட்டியில் மட்டும் கடைசிப் பந்துவரை காயாது.

மாணிக்கவேல் பட்டுப் புடவை வியாபாரி. உள்ளூர்த் தறிக்காரப் பையன்களுக்காகத்தான் போட்டியைத் தொடங்கினார். ஜெயித்த அணியில் ஒவ்வொருவனுக்கும் அவன் அம்மாவுக்கென்று ஒரு பட்டுப் புடவை. அந்தப் பேச்சு எப்படியோ தெற்கே பரவியது. நான்கைந்து வருடங்களில் கோவை, தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று எல்லாப் பக்கமிருந்தும் அணிகள் பஸ் ஏறி வந்தன. காசுக்கு ஆடுகிறவன் ஒருவனும் இல்லை. மீன் ஏலம் விடுகிறவன், மில்லுக்குப் போகிறவன், கல்லூரிப் பையன். கல்யாண மண்டபங்களில் அவர்களுக்குப் பாய் விரித்தார்கள். தேவிகாபுரத்திலிருந்தும் படவேட்டிலிருந்தும் ஜனம் கட்டுசோறோடு வந்து இறங்கியது. மதில்மேலும் ஆள், மரத்திலும் ஆள்.

"நம்மூர்லயே தேறின அம்மா இருக்கும்போது வெளியூர்ல இன்னாத்துக்குத் தேடணும்? நீங்க வாங்க டீச்சர்" என்று மாணிக்கவேல்தான் அவளை அழைத்தார்.

கணவன் ராபர்ட்டுக்குப் பிடிக்கவில்லை. "அவ்ளோ ஜனத்துல நீ ஒருத்திதான் உசரத்துல நின்னுகினு இருப்பே. எதுனா ஆச்சுன்னா எல்லாருக்கும் உன் மூஞ்சிதான் தெரியும்."

ஜெசி போனாள். மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லை.

நான்காம் வருடம், வெளியூர் அணிகள் வர ஆரம்பித்த பிறகு முதல்முறையாக, ஆரணி அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே தூத்துக்குடியின் சர்ச் பையன்கள் அணி. ஐந்தாவது செட். தூத்துக்குடிக்குப் பதினாலு, ஆரணிக்குப் பதின்மூன்று. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் தூத்துக்குடிக்குக் கப்பு. தூத்துக்குடிப் பையன் எழும்பி அடித்தான். ஆரணியின் குணா வலைக்குமேல் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தான். பந்து அவனைத் தாண்டிக் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. பதினாலுக்குப் பதினாலு என்று மைதானமே துள்ளியது.

ஜெசி மட்டும் பார்த்தாள். குணாவின் சுண்டுவிரல் பின்னால் மடங்கி நிமிர்ந்தது. விரலில் பட்டு வெளியே போனால் புள்ளி அடித்தவனுக்கு. அவள் விசில் ஊதி, தூத்துக்குடிப் பக்கம் கையை நீட்டினாள். ஆட்டம் முடிந்தது.

முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு தண்ணீர் பாட்டில் வந்து ஏணியில் மோதியது. அடுத்து செருப்பு. கயிறு அறுந்து ஜனம் உள்ளே புகுந்தது. யாரோ ஒருவன் கத்தினான்: "அவனுங்களும் சர்ச்சு, இவளும் சர்ச்சு! பேசி வச்சிகினு ஆடினாங்கடா!"

அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு உயிரே போனது. பந்தைப் பற்றிய சண்டையென்றால் சாயங்காலம் ஆறிவிடும். இது ஆறாது.

மாணிக்கவேல் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். "ஜல்தி வாங்க டீச்சர், ஜல்தி!" பந்துகள் வைக்கும் அறைக்குள் அவளைத் தள்ளி வெளியே பூட்டினார். உள்ளே ஏற்கெனவே தூத்துக்குடிப் பையன் ஒருவன், நெற்றியில் ரத்தத்தோடு. தகரக் கதவில் கல் விழ விழ அவன் அவள் முழங்கையைப் பற்றிக்கொண்டான்.

"எங்களுக்குக் கப்பு வேண்டாம்னு சொல்லிருங்க டீச்சர். ஊருக்கு அனுப்பிட்டாப் போதும்."

போலீஸ் வந்து கதவைத் திறந்தபோது அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

வண்டியில் ஏற்றும்போது மாணிக்கவேல் சொன்னார்: "அந்தப் புள்ளிய மறுபடி ஆட வச்சிருக்கலாமே டீச்சர். யாருக்கும் பேஜார் இல்லாம போயிருக்கும்."

"பட்டுதுங்களே" என்றாள் ஜெசி. அவ்வளவுதான் சொல்ல வந்தது.

அடுத்த மே மாதம் பாதி அணிகள்கூட வரவில்லை. ஆரணிக்குப் போனால் அடி விழும் என்ற பேச்சும் தெற்கே பரவிவிட்டது. பந்தோபஸ்துக்குப் போலீஸ் ஆயிரம் கேள்வி கேட்டது. பிறகு கொரோனா வந்து இரண்டு வருடத்தை விழுங்கியது. நல்ல ஆட்டக்காரர்களைச் சம்பளம் கொடுக்கும் அணிகள் கூட்டிக்கொண்டு போயின. மாணிக்கவேல் இதயத்துக்கு மருந்து சாப்பிட ஆரம்பித்து ஒதுங்கிக்கொண்டார். காரணம் இத்தனை இருந்தும், ஜெசி கடைத்தெருவில் தலை நிமிராமல் நடந்தாள். போட்டியைக் கெடுத்தவள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். ஒருவரும் நேரில் சொன்னதில்லை. சொல்லாதது இன்னும் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குணா வீட்டுக்கு வந்தான். ராபர்ட் கதவை முழுசாகத் திறக்கவில்லை.

"அக்கா, இந்த வருசம் நான்தான் நடத்தறேன். நாலே டீம். ரெஃப்ரிக்கு யாரும் வர மாட்றாங்க. நீங்க வரணும்."

ஜெசி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டாள். "குணா, அன்னிக்கு உன் விரல்ல பட்டுதா இல்லியா?"

அவன் சுண்டுவிரலை மடக்கி நீட்டிப் பார்த்தான். "படலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே தெரியலக்கா. சத்தியமா ஞாபகம் இல்ல."

அவன் போன பிறகு ராபர்ட் சொன்னான்: "போவாதே. நீ அவனுக்கு ஒண்ணும் கடன்படல."

"அவனுக்காக இல்லீங்க. போவலன்னா, நான்தான் தப்பா பார்த்தேன்னு நானே நம்பிடுவேன்."

தெள்ளார் அணியும் ஆரணி அணியும் ஆடின. பார்க்க நாற்பது பேர்கூட இல்லை. கூட்டத்தில் முகம் தெரியாது. இங்கே ஒவ்வொரு முகமும் தெரிந்தது. எவன் அன்று கல்லெறிந்தவன் என்று அவள் ஒவ்வொன்றாகத் தேடினாள். இரண்டாவது செட்டில் ஆரணிப் பையன் ஒருவன் கையை உரசிப் பந்து வெளியே போனது. ஊதினாள்.

"படல டீச்சர்!" என்று அவன் இரண்டு கையையும் விரித்தான்.

ஏணிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பட்டுச்சு. நான் பார்த்தேன்."

பையன் உதட்டைப் பிதுக்கிவிட்டு அவன் இடத்துக்குப் போய் நின்றான். வேறொன்றும் நடக்கவில்லை. பந்து மறுபடி மேலே எழுந்தது.

அந்த வருடத்தோடு மே மாதப் போட்டி நின்றுபோயிற்று. அன்று ஆட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகும் ஜெசி ஏணியிலேயே நின்றுகொண்டிருந்தாள். இறங்கலாமென்று மனம் சொன்னது, கால் கேட்கவில்லை. குணாதான் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு வந்து, ஏணியை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, "மெதுவா எறங்குங்கக்கா" என்றான்.