சுமையில்லாப் பயணம்

முதல் கோபம் என் மேல்தான். மற்றவர்கள் பிறகு.

தருவைகுளம் போகிற சாலையில், உப்பளத்தில் மண்ணடித்து மேடாக்கிக் கட்டிய ஏழு மாடியில் குடியிருக்கிறேன். விற்கும்போது வாசலிலேயே பஸ் என்றார்கள். டிப்போவில் கேட்டால், ஆள் வந்தால் பஸ் வரும் என்றார்கள். ஆள் வந்தோம். ஒரு கட்டிடம் மூன்றானது, மூன்று ஒன்பதானது, கொடியில் காயும் துணி கடலை மறைத்தது. பஸ் மட்டும் வரவில்லை. தருவைகுளத்திலிருந்து வரும் பழைய டவுன் பஸ் ஒன்றுதான் கதி. கம்பியைத் தொட்டால் துரு. மழை பெய்தால் உள்ளே குடை.

அதில்தான் தருவைகுளத்து மீன்கார அக்காவும் வருவார். எங்கள் கேட்டுக்கு வெளியே அலுமினியச் சட்டியை இறக்கி, ஐஸ் உருகுமுன் விற்றாக வேண்டும். என் வீட்டுச் சாளைக் குழம்பெல்லாம் அந்தச் சட்டி போட்டதுதான்.

புது பஸ் கேட்டு மனு எழுதச் சொன்னது குடியிருப்போர் சங்கம். எழுதுகிறவன் நான் ஒருவன்தானே. கேட்டதோடு நிறுத்தினேனா? கடைசியில் ஓர் அலங்காரம் வைத்தேன்: மனமும் உடலும் இளைப்பாற, சுமையில்லாப் பயணம் வேண்டுகிறோம். கூட்டத்தில் கைதட்டினார்கள். எனக்கும் மனசு குளிர்ந்துதான் போனது.

பஸ் வந்தது. தாழ்தளம், ஏசி, தானே மூடும் கதவு. ஒரு சாலைக்கு இரண்டு எதற்கு என்று பழையதை நிறுத்திவிட்டார்கள். முதல் நாள் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் தருவைகுளத்துக்கே போய் ஏறிக்கொண்டோம். கதவுக்கு மேலே ஸ்டிக்கர். 'சுமையில்லாப் பயணம். கூடை, மூட்டை, சட்டி ஏற்றக்கூடாது.' என் கவிதையை எவனோ ஓர் அதிகாரி சட்டமாக்கியிருந்தான்.

அக்கா ஒரு காலைப் படியில் வைத்ததும் கண்டக்டர் கையை நீட்டி மறித்தார். சட்டியோடு ஏறக்கூடாதாம். அக்கா தலையிலிருந்த சட்டி சாயாமல் கண்ணை மட்டும் உயர்த்தி ஸ்டிக்கரை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"எந்தப் பய எழுதுனான் இதை? கல்யாணப் பத்திரிகை கணக்கால்லா இருக்கு."

பஸ்ஸே சிரித்தது. சங்கச் செயலாளர் பெருமையாக என் தோளைத் தட்டினார். "இந்தா, நம்ம அண்ணாச்சிதான்."

அக்கா என்னைப் பார்த்தார். தினம் மீன் வாங்குகிற முகம்.

"நீங்களா தம்பி? சட்டி எனக்குச் சுமைன்னு உங்ககிட்ட எப்பம் சொன்னேன்?"

அவர் படியிலிருந்து காலை எடுத்துவிட்டார். கதவு தானே மூடிக்கொண்டது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏசிக் காற்று முகத்தில் அடித்தது.

இரண்டு நாள் அக்கா நடந்தே வந்தார். ஐஸ் தண்ணீராகியிருந்தது. ஏழு மாடியிலிருந்து இறங்கி வந்தவர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் லிப்டில் ஏறிப் போனார்கள். மூன்றாம் நாளிலிருந்து அவர் வருவதில்லை.

வேறு மனு எழுதினேன். ஒரே வரி: மீன் சட்டியைப் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். செயலாளர் வாங்கி இரண்டு முறை படித்தார். கவுச்சி நம்ம சட்டையில் ஏறிவிடுமே, யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று திருப்பிக் கொடுத்தார். போகிறவனைக் கூப்பிட்டு ஒரு குறையும் சொன்னார்.

"முதல் மனு மாதிரி இது அழகா இல்லையே, அண்ணாச்சி."

ஒற்றைக் கையெழுத்தோடு டிப்போவுக்குக் கொண்டுபோகிறேன். ஷேர் ஆட்டோவில்.