இடப்பக்கமிருந்து எண்ணுகிற மெஷின்

எனக்கு மூக்கின்மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அலுவலகத்தில் சொல்ல மாட்டார்கள், நினைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் எழுதிய கம்ப்யூட்டர் கோடைப் படித்துக் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்றால் ஒரு கோபக்காரிக்கு வேறு என்ன வேண்டும்?

வாரத்தில் மூன்று நாள் விம்கோ நகர் வீட்டின் முன்னறையிலிருந்தே வேலை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தால் மைக்கை அணைத்துவிடுவேன்.

எங்கள் குழு வேலை பார்ப்பது மெயின்ஃபிரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டருக்கு. வங்கிகள் வைத்திருக்குமே, அது. ஒரே மெஷினுக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களைக் குடிவைக்கிற மென்பொருள் எங்களுடையது. ஒண்டுக்குடித்தனம்தான், ஆனால் ஒவ்வொரு குடித்தனமும் மொத்த வீடும் தனக்கே என்று நம்ப வேண்டும். குடிவரும்போதே இங்கே என்னென்ன வசதி உண்டு என்று ஒரு பட்டியல் கொடுப்போம். அறுபத்து நான்கு சுவிட்சுகள் வரிசையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டிருந்தால் அந்த வசதி உண்டு, போடாவிட்டால் இல்லை. தப்பான சுவிட்சைப் போட்டுவிட்டால், இல்லாத குழாயைத் திறக்கப் போய் அந்த விர்ச்சுவல் மெஷின் அப்படியே நின்றுவிடும்.

எங்கள் குழுவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்து மூன்று மாதம் முடியப்போகிற நேரம். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு. எங்கள் கம்பெனியிலேயே வாடிக்கையாளர்களின் புகாரைப் போனில் கேட்டு எழுதுகிற பிரிவில் ஐந்து வருடம் இருந்துவிட்டு, தானாகவே படித்துத் தேர்வு எழுதி எங்களிடம் வந்தவள். மூன்று மாதத்துக்குள் அவள் எழுதிய ஒரு மாற்றமாவது எங்கள் கோடில் சேர வேண்டும், இல்லையென்றால் பழைய பிரிவுக்கே திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. வெள்ளிக்கிழமை கெடு. புதன்கிழமை காலை அவளுடைய மாற்றம் என் பார்வைக்கு வந்தது.

புது மெஷினில் வந்திருக்கும் ஒரு வசதிக்கு சுவிட்சைப் போடுகிற மாற்றம், மொத்தம் பன்னிரண்டு வரி. நான்காவது வரியிலேயே எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. சுவிட்சுகளைத் தப்பான முனையிலிருந்து எண்ணியிருக்கிறாள்! "இது பாலபாடம். எண்ணக் கற்றுக்கொண்டு பிறகு அனுப்பவும்" என்று எழுதினேன். நாங்கள் எழுதுகிற கருத்துகள் குழுவில் எல்லோருக்கும் மின்னஞ்சலாகப் போகும், எங்கள் தலைவர் உட்பட. அது தெரிந்தேதான் எழுதினேன்.

ஒரு மணி நேரத்தில் இரண்டாவது பதிப்பு வந்தது. "நீங்கள் சொன்னபடி திருத்திவிட்டேன். மன்னிக்கவும்." அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடுகிற ஆளா? எத்தனையாவது பக்கத்தில் இந்த விதி இருக்கிறது என்று சொல்லி இன்னும் கொஞ்சம் உறைக்க வைக்கலாம் என்று மெஷினின் கையேட்டைத் திறந்தேன். சுவிட்சுகள் இடப்பக்கமிருந்து எண்ணப்படும் என்று தெளிவாகப் போட்டிருந்தது.

சாதாரணக் கம்ப்யூட்டர்களில் வலப்பக்கமிருந்து எண்ணுவோம். பதினான்கு வருடம் அப்படி எண்ணியவள் நான். மெயின்ஃபிரேம் இடப்பக்கமிருந்து எண்ணும் என்பது தெரியாததில்லை, இந்தக் குழுவில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். கண் பழைய பழக்கத்தில் ஓடிவிட்டது. அவள் முதலில் எழுதியதுதான் சரி. என்னுடைய திட்டுக்குப் பயந்து சரியைத் தப்பாக்கி அனுப்பியிருக்கிறாள்.

காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் கணவர் காலை ஷிப்ட் முடித்து வந்தபோது நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாம்மே, மூஞ்சி இப்டி தொங்கிகினு கீது?"

நடந்ததைச் சொன்னேன்.

"ஊரையே கேள்வி கேக்குற நீயே தப்பா எண்ணிகினியா? சொல்லிட்டுப் போவியா, இதுல இன்னா பேஜாரு" என்று சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டார். அவருக்கென்ன.

முதல் பதிப்பையே திரும்ப அனுப்பு என்று அவளுக்கு மட்டும் ரகசியமாக ஒரு செய்தி தட்டினேன். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். ஆனால் வெள்ளிக்கிழமை தலைவர் எடுத்துப் படிக்கிற பதிவில் அவள் எண்ணத் தெரியாதவளாகவே இருப்பாள். வெட்கமாக இருந்தது. செய்தியை அனுப்பாமலே அழித்துவிட்டுப் போன் போட்டேன்.

"மேடம், இன்னும் ஏதாச்சும் தப்பா?" எடுத்ததுமே கேட்டாள்.

"தப்பு உன்னுதில்ல, என்னுது. நீ மொதல்ல எழுதினதுதான் கரீட்டு. ஏன் மாத்தின?"

அதுவரை நாங்கள் இருவரும் இஸ்திரி போட்ட மாதிரி அலுவலகத் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

"ரெண்டையும் மெஷின்ல ஓட்டிப் பாத்தேன் மேடம். மொதலாவது நல்லா ஓடிச்சி. ரெண்டாவது பட்டுனு நின்னுபோச்சி."

"நின்னுபோச்சா? அப்பறம் இன்னாத்துக்கு அனுப்பின?"

"நீங்க சொல்லி தப்பா இருக்குமா? நான் டெஸ்ட் பண்ணதுதான் கலீஜா கீதுன்னு நெனச்சிகினேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மெஷின் அவள் கண்ணெதிரே பதில் சொல்லியிருக்கிறது, அவள் என் அதட்டலை நம்பியிருக்கிறாள். போனை வைத்ததும் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதினேன்: "எண்ணத் தெரியாதவள் நான். முதல் பதிப்பு சரி, அவள் ஓட்டிப் பார்த்தபோதும் அதுதான் ஓடியிருக்கிறது. இரண்டாவது தப்பானதற்குக் காரணம் நான்."

தலைவர் எனக்குப் பதில் எழுதவில்லை, அவளைக் கேட்டார். "சரியென்று தெரிந்தும் ஏன் மாற்றினாய்? நாளைக்கு வேறு யாராவது மிரட்டினாலும் மாற்றுவாயா?"

அவளுக்காகப் பரிந்து அரைப் பக்கம் எழுதினேன். ஆனால் கேள்வி அவளிடம் கேட்டது. அவள் பதிலையும் நானே சொன்னால் மறுபடியும் அதே கதைதான். எழுதியதை அழித்தேன். வியாழக்கிழமை முழுக்க அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அன்று வீட்டில் எல்லோரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாவது பதிப்பு வந்தது. கூடவே நான்கு வரி.

"முதலில் அனுப்பியதையே மீண்டும் அனுப்புகிறேன். இரண்டையும் ஓட்டிய முடிவுகளை இணைத்திருக்கிறேன். பயந்துபோய் மாற்றினேன். இனி யார் சொன்னாலும் ஓட்டிப் பார்த்ததற்கு மாறாக எழுத மாட்டேன்."

யார் சொன்னாலும் என்பதில் நானும் அடக்கம். படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, பெருமையாக இருந்தது. பன்னிரண்டு வரியையும் திரும்பப் படித்து, திரையில் விரல் வைத்து இடப்பக்கமிருந்து எண்ணி, சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன்.

மதியத்துக்குள் தலைவர் அதைக் கோடில் சேர்த்துவிட்டார். கீழே அவளுக்கு ஒரு குறிப்பு: "இனி இந்தக் குழுதான் உனக்கு. திங்கட்கிழமை வருகிற மாற்றத்தை நீ சரிபார்க்க வேண்டும்."

திங்கட்கிழமை வரவேண்டியது என்னுடைய மாற்றம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து அதை வரிவரியாக ஓட்டிப் பார்த்தேன்.